விளக்கு எரிகிறது, கை எங்கே?

ரோபோ மனிதனைக் கொன்றது என்று எழுதும் பழக்கத்தை நமது பத்திரிகைகள் விட்டொழிக்க வேண்டும். ஆயுளின் பெரும்பகுதியைச் செய்திமேசையில் கழித்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். அந்த மூன்று சொற்களில் செய்தி இல்லை. செய்தியை மறைக்கும் திரை மட்டுமே இருக்கிறது.

2023 நவம்பரில் தென் கொரியாவின் தெற்குக் கியோங்சாங் மாகாணத்தில், கோசோங் என்னும் இடத்திலுள்ள விவசாய ஏற்றுமதி நிலையமொன்றில் ஓர் ஊழியர் உயிரிழந்தார். குடைமிளகாய்ப் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ரோபோக் கை அவரைப் பிடித்துப் பட்டிக்கடத்தியோடு சேர்த்து அழுத்தியது. அவர் அந்த ரோபோவைப் பொருத்திய கம்பனியைச் சேர்ந்தவர். அதன் உணரியில் கோளாறு இருந்தமையால் பரிசோதனை ஒத்திவைக்கப்பட்டு, அதனைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தபோதே இது நிகழ்ந்தது. உலகெங்கும் செய்தி பரவியது. பெட்டிக்கும் மனிதனுக்கும் வேறுபாடு தெரியாத இயந்திரம் என்று எல்லா மொழிகளிலும் எழுதினார்கள். தமிழிலும் எழுதினார்கள். இயந்திரத்துக்கு அந்த வேறுபாடு எக்காலத்திலும் தெரிந்ததில்லை என்பதை எவரும் எழுதவில்லை. மனிதன் உள்ளே நிற்கும்போது அந்தக் கை அசையக்கூடிய நிலையில் ஏன் விடப்பட்டது என்று கேட்டவர்களும் மிகச் சிலரே.

‘கொன்றது’ என்ற வினைச்சொல் வசதியானது. அது பொறுப்பை இரும்பின் தலையில் வைத்துவிட்டுப் போகிறது. இந்த வித்தை மலையகத்தாருக்குப் புதிதன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்டபோது ‘மண் விழுங்கியது’ என்று எழுதினோம். அங்கிருந்து மக்களை அகற்ற வேண்டுமெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது என்ற செய்தி அதற்குக் கீழேதான் வந்தது. சமிக்ஞை கொடுக்கப்பட்டது, மறுமுனையில் எதுவும் அசையவில்லை. மண்ணும் இரும்பும் நீதிமன்றத்துக்கு வருவதில்லை. ஆகவே அவற்றைக் குற்றவாளியாக்குவதில் எவருக்கும் நட்டமில்லை.

நான் இங்கே எடுத்துக்கொள்ளும் விடயம் சிறியது. ரோபோக் கையை இயக்குவோரில் பலர் பொருட்படுத்தாத அளவுக்குச் சிறியது. ஒரு ரோபோக் கை தனது ஓய்விடத்தில் இருக்கிறது என்று வெளியுலகுக்கு அறிவிக்கும் ஒற்றைச் சமிக்ஞைதான் அது. தொழிற்சாலையில் அதனை ‘ஹோம்’ என்பார்கள்.

பொல்பிட்டியவிலிருந்து எழுதுகிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் இடத்தை அண்டிய இந்தச் சிற்றூரில் ரோபோ ஏது? இங்கே இல்லை; ஆனால் இங்கிருந்து புறப்படும் பிள்ளைகள் அதன் முன்னேதான் போய் நிற்கிறார்கள். கொரியாவுக்குத் தொழிலாளரை அனுப்பும் உடன்பாட்டில் இலங்கை 2004இல் கைச்சாத்திட்டது. இன்று தென் கொரியாவே உலகில் ரோபோக்கள் மிகச் செறிந்த நாடு. உற்பத்தித் துறையில் 10,000 ஊழியருக்கு 1,012 ரோபோக்கள் என்பது சர்வதேச ரோபோவியல் கூட்டமைப்பு 2023ஆம் ஆண்டுக்குத் தந்த கணக்கு. கடலுக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார் உடல்களைப் பற்றவைக்கும் கைகளுக்கு நடுவே பல்லாயிரம் தமிழ் இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். ஹட்டனிலிருந்து போனவனுக்கும் ஆரணியிலிருந்து போனவனுக்கும் வேலிக்கு உள்ளே கால் வைக்கும் கணத்தில் உயிர்க்காவலாக இருப்பது ஒரு பச்சை விளக்கு. அந்த விளக்கு உண்மை பேசுகிறதா என்பதே என் கேள்வி.

முதலில் பொருளை விளக்கிவிடுகிறேன். ஆறு மூட்டுகள் கொண்ட ரோபோக் கையில் ஒவ்வொரு மூட்டும் எத்தனை பாகை திரும்பி நிற்கிறது என்பதை மோட்டாரோடு இணைந்த குறியாக்கி ஓயாது அளந்துகொண்டிருக்கும். அச்சுப் பொறி, பற்றவைக்கும் தாங்கி, கடத்திப் பட்டி ஆகிய எதிலும் இடிக்காமல் கை ஒதுங்கி நிற்கக்கூடிய ஒரு நிலையைத் தெரிந்து, அதன் ஆறு கோணங்களையும் பதிந்து வைப்பார்கள். அதுதான் ஹோம். இதனை ‘வீட்டு நிலை’ என்று மொழிபெயர்த்த பாடக்குறிப்புகளைப் பார்த்திருக்கிறேன். பொருள் விளங்காத மொழிபெயர்ப்பு அது. ‘ஒதுங்குநிலை’ என்றால் விளங்கும். ஆனால் தொழிலில் உள்ளவர்கள் எல்லோரும் ஹோம் என்றே சொல்வதால் நானும் அவ்வாறே சொல்கிறேன். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹோம் வேறு, பூச்சிய நிலை வேறு. பூச்சிய நிலை என்பது குறியாக்கிகளின் கணக்குத் தொடங்கும் இடம். ஹோம் என்பது கை வேலைக்குக் காத்து நிற்கும் இடம். இரண்டையும் ஒன்றெனக் குழப்புகிறவர்கள் பயிற்றுநர்களிலும் உண்டு.

கை ஹோமில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் மற்றவை அசையலாம். அச்சுப் பொறி கீழே இறங்கலாம்; பொருளைத் தாங்கிய மேசை திரும்பலாம்; கதவின் பூட்டு விடுபடலாம். அத்தனையும் ஒரு கம்பியில் வரும் ‘ஆம்’ என்ற ஒரேயொரு சொல்லை நம்பி நடக்கின்றன. அந்தச் சொல் பொய்யானால் அச்சுப் பொறி கையின் மீது இறங்கும். கை இரும்பு, மாற்றிக்கொள்ளலாம். கதவு திறந்து மனிதன் நுழைந்திருந்தால் மாற்றுவதற்கு உதிரிப்பாகம் இல்லை.

இப்போது வழக்கத்துக்கு வருவோம். அவசரத்தில் ஒரு ரோபோவை நிறுவிக் கையளிக்கும் ஒப்பந்தக்காரர் என்ன செய்கிறார்? நிரலில் ஒரு வரி: ஹோமுக்குப் போ. அடுத்த வரி: ஹோம் விளக்கை ஏற்று. வேலை தொடங்கும்போது இன்னொரு வரி: விளக்கை அணை. பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். ஒப்படைக்கும் நாளில் முதலாளி முன்னிலையில் பத்து முறை ஓட்டிக் காட்டினால் பத்து முறையும் சரியாகவே எரியும். கையொப்பமிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்த விளக்கு பொய் சொல்லும் தருணங்கள் அதற்குப் பின்னர்தான் வருகின்றன. ஹோமில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது ஒரு தொழில்நுட்பவியலாளர் கற்பிப்புப் பலகையைக் கையிலெடுத்து ரோபோவைக் கைமுறையாக ஒரு மீற்றர் நகர்த்துகிறார். நிரல் ஓடவில்லை, ஆகவே விளக்கை அணைக்கும் வரியும் ஓடவில்லை. கை அச்சுப் பொறிக்குள், விளக்கு ஹோமில். இன்னொன்று: ஹோமுக்குப் போகும் வரியில் ‘நின்று நிதானித்து’ என்பதற்குப் பதிலாக ‘நிற்காமல் தொடர்’ என்ற முடிப்பு முறையை எழுதியிருந்தால், கை போய்ச் சேருமுன்னரே அடுத்த வரி ஓடி விளக்கு எரிந்துவிடும். மற்றொன்று: ஒரே ரோபோவுக்கு இருபது நிரல்கள், பத்தொன்பதில் அணைக்கும் வரி இருக்கிறது, புதிதாகச் சேர்த்த இருபதாவதில் இல்லை. இன்னும் சிலர் வரியைக்கூட எழுதுவதில்லை. கட்டளை கொடுத்து இரண்டு விநாடி கழித்தால் போய்ச் சேர்ந்திருக்கும் என்று கடிகாரத்தின் மீது பாரத்தைப் போட்டுவிடுகிறார்கள். கை நடுவழியில் எதிலாவது முட்டி நின்றாலும் கடிகாரம் நிற்பதில்லை.

இந்த முறைகள் அனைத்துக்கும் பொதுவான குற்றம் ஒன்றுதான். விளக்கு சொல்வது கை எங்கே இருக்கிறது என்பதையன்று. கை எங்கே போகும்படி கட்டளையிடப்பட்டது என்பதை. ஆணையையும் நிறைவேற்றத்தையும் ஒன்றாக்கிவிடும் சோம்பல் இது.

பொல்பிட்டியவில் வாழ்கிறவனுக்கு இந்த வேறுபாட்டை எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இங்குள்ள நீர்மின் நிலையம் 1969இல் இயங்கத் தொடங்கியது. ஒவ்வொன்றும் 37.5 மெகாவற் வலுவுள்ள இரண்டு இயந்திரங்களுடன் அமைக்கப்பட்டது. பழைய, புதிய லக்சபான நிலையங்களைச் சுழற்றிவிட்டு வரும் நீர் லக்சபான குளத்தில் தேங்கிச் சுரங்கவழியே இதற்கு வருகிறது. இத்தகைய நிலையங்களில் ஒரு விசையாழியைத் தொடக்குமுன் வரிசையாகக் கேள்விகள் உண்டு. நுழைவாயில் வால்வு திறந்திருக்கிறதா? தடுப்பான் விடுபட்டுள்ளதா? எண்ணெய் அழுத்தம் நிற்கிறதா? விடைகள் வால்விலும் தடுப்பானிலும் எண்ணெய்க் குழாயிலும் பொருத்தப்பட்ட ஆளிகளிலிருந்து வர வேண்டும். திறக்கும்படி சொன்னோமே என்பதை அங்கே விடையாக ஏற்பதில்லை. மழைக்காலத்தில் லக்சபானவின் வான்கதவு திறக்கப்பட்டதாகவும் மூடப்பட்டதாகவும் செய்திகள் வரும். கரையில் இருப்பவன் செய்தியைக் கேட்டபின்பும் ஆற்றைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவான். கதவை மூடும்படி உத்தரவிடப்பட்டது என்பதற்கும் கதவு மூடியிருக்கிறது என்பதற்கும் இடையில் ஓர் ஆறு ஓடுகிறது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதைவிடப் பழைய பாடமும் உண்டு. நாளெல்லாம் பறித்த கொழுந்தின் நிறை தராசில் ஒன்றாகவும் புத்தகத்தில் வேறொன்றாகவும் விழுவதை நமது தாய்மார் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள். செக்ரோலில் அரைப்பேர் விழுந்துவிட்டால் முழுநாள் மலையில் நின்ற கால்கள் சாட்சியாவதில்லை. எழுதுகிறவன் எழுதியதே நடந்தது என்றாகும் இடத்தில் யார் நசுக்கப்படுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

உலகமும் இதனை விலை கொடுத்தே கற்றது. மலைநாட்டு ரயில் பாதையில் பழகியவர்களுக்குக் கைகாட்டி மரம் தெரியும். நிலையத்தின் நுழைவாயிலைக் காக்கும் கைகாட்டிக்கு ஆங்கிலத்தில் ‘ஹோம் சிக்னல்’ என்றே பெயர். 1876 ஜனவரி 21ஆம் திகதி இங்கிலாந்தின் அபொட்ஸ் ரிப்டனில் கடும் பனி பொழிந்தது. காவலர் நெம்புகோலை ‘அபாயம்’ என்ற நிலைக்குத் தள்ளியிருந்தார். பனி உறைந்த கைகாட்டியின் கரமோ ‘வரலாம்’ என்ற நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதனை நம்பி வந்த கடுகதி ரயில் வழியில் இருந்த வண்டியில் மோதியது, உயிர்கள் போயின. அதன் பிறகுதான் கைகாட்டியின் இயல்பு நிலை அபாயமாகவே இருக்க வேண்டும் என்ற ஒழுங்கு வேரூன்றியது. கண்ணுக்குத் தெரியாத தொலைவில் உள்ள கரம் உண்மையில் அசைந்ததா என்பதைக் கரத்திலிருந்தே அறிந்து காவலறையில் காட்டும் கருவிகளும் ரயில்வேயில் இடம்பிடித்தன.

நூறு ஆண்டுகள் கழித்து அதே தவறு அணு உலையில் நடந்தது. 1979 மார்ச் 28ஆம் திகதி அமெரிக்காவின் த்ரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் அழுத்தம் குறைக்கும் வால்வொன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டறையின் விளக்கோ மூடும் கட்டளை போய்விட்டது என்பதை மட்டுமே காட்டியது. வால்வு மூடிவிட்டது என்று இயக்குநர்கள் நம்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. உலையின் கருவில் ஒரு பகுதி உருகியது. அணு உலையையே உருக்கிய அதே சோம்பலைத்தான் ரோபோவை அமைப்பவர் ‘ஒரு வரிதானே’ என்று எழுதிவிட்டுப் போகிறார்.

சரியான வழி என்ன? மறைபொருள் ஒன்றுமில்லை, ரோபோவைச் செய்தவர்களே அதனை உள்ளே வைத்துத்தான் தருகிறார்கள். ஃபானுக் ரோபோவில் ‘மேற்கோள் நிலை’ என்ற பட்டியல் உண்டு. அங்கே கையை ஹோமில் நிறுத்திப் பதிந்தால் ஆறு மூட்டுகளின் கோணங்களும் விழும். ஒவ்வொன்றுக்கும் கூட்டல் கழித்தல் எவ்வளவு என்று சகிப்பெல்லையைக் குறிக்கலாம். எந்த வெளியீட்டுக் கம்பியில் சமிக்ஞை போக வேண்டுமெனச் சொல்லலாம். இது செல்லுபடியான ஹோம்தானா என்று கேட்கும் வரியும் உண்டு. அதன்பின் கட்டுப்பாட்டுப் பெட்டியே குறியாக்கிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். நிரல் ஓடினாலும் ஓடாவிட்டாலும், கையை மனிதன் நகர்த்தினாலும், எல்லையை விட்டு விலகிய உடனே விளக்கு அணையும். கூக்காவில் ஹோமுக்கென்றே மாறிகளும் சமிக்ஞைகளும் உள்ளன. ஏபிபியில் ‘உலக வலயங்கள்’ என்ற வசதியை வாங்கி, ரோபோவுக்கு மின்சாரம் ஏறும்போதே வலயம் வரையறுக்கப்படுமாறு செய்தால் அதே பயன் கிடைக்கும். பெயர்கள் வேறு, கோட்பாடு ஒன்று. சமிக்ஞை கையிலிருந்து பிறக்க வேண்டும். கட்டளையிலிருந்து பிறக்கக் கூடாது.

ஃபானுக்கின் முதலாவது மேற்கோள் நிலைக்கென ஒதுக்கப்பட்ட வெளியீட்டின் பெயர் ‘அட் பேர்ச்’. பறவை கிளையில் அமர்ந்திருப்பதுபோல என்று பொருள். அந்த வெளியீட்டின் இலக்கம் 7. மலையகத்தில் ‘பேர்ச்’ என்றாலே காணியின் அளவுதான், ஏழு என்றால் வீட்டுக்கென வாக்களிக்கப்பட்ட அந்த ஏழு பேர்ச்சஸ்தான் நினைவுக்கு வரும். அங்கும் இதே கதைதான். அடிக்கல் நாட்டிய படம் பத்திரிகையில் எரிகிறது. உறுதிப்பத்திரம் கைக்கு வந்ததா என்பதை அந்த விளக்கிடம் கேட்க முடியாது.

சகிப்பெல்லை விடயத்தில் இரண்டு மடமைகள் உண்டு. பூச்சியம் என்று விட்டால், மோட்டாரின் நுண்ணிய நடுக்கத்திலேயே சமிக்ஞை மினுங்கும் அல்லது வரவே வராது. எரிச்சலடைந்தவர் மறுமுனைக்குப் பாய்ந்து ஐந்து பாகை என்று போடுவார். இரண்டு மீற்றர் நீட்டிய கையில் அடிமூட்டு ஒரு பாகை திரும்பினால் நுனி மூன்றரை சென்ரிமீற்றர் விலகும். ஐந்து பாகைக்குப் பதினேழு சென்ரிமீற்றருக்கும் மேல். அது அச்சுப் பொறியின் வாய்க்குள் விரல் நீட்டும் தூரம். எல்லை எவ்வளவு என்பதை அந்த ரோபோவைச் சூழ்ந்துள்ள இடைவெளியை அளந்து முடிவுசெய்ய வேண்டும். பொறுமையின்மையை அளந்து அன்று. ஆறு மூட்டுகளையும் பார்க்க வேண்டும் என்பதும் அவ்வாறே. முதல் மூன்றை மட்டும் பார்த்தால் தோள் ஹோமில் இருக்கும். மணிக்கட்டு தகட்டைப் பற்றியபடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

இத்தனையும் செய்தாலும் குறியாக்கி சொல்வதே வேதம் என்றிருக்கக் கூடாது. பல ரோபோக்களில் குறியாக்கியின் நினைவைக் காப்பது மின்கலம். அது தீர்ந்து நினைவு அழிந்தால் பூச்சிய நிலையை மீண்டும் அமைக்க வேண்டும். அவ்வமைப்புப் பிழைத்தால், கை மூன்று பாகை விலகி நின்றுகொண்டே நான் ஹோமில் இருக்கிறேன் என்று மனப்பூர்வமாக நம்பும். அதனால்தான் கவனமுள்ளவர்கள் ஹோம் நிலையில் ஒவ்வொரு மூட்டின் மீதும் இருபுறமும் பொருந்துமாறு ஒரு கோடு வரைந்து வைப்பார்கள். கோடுகள் நேர்பட்டால் உண்மை. படாவிட்டால் திரை என்ன சொன்னாலும் பொய். அந்தக் கோட்டுக்குச் செலவு ஒரு பேனை.

அடுத்தது, சமிக்ஞையைப் பெறுகிற கட்டுப்பாட்டுக் கருவியின் கடமை. கம்பி அறுந்தாலும் மின்சாரம் போனாலும் ‘ஹோமில் இல்லை’ என்றே அது பொருள் கொள்ள வேண்டும். வேலை தொடங்கிய பிறகும் ஹோம் சமிக்ஞை அணையாதிருந்தால் உடனே அபாயம் அறிவித்து நிறுத்த வேண்டும். போகும்போது அணையாத விளக்கை வரும்போது எரிகிறதென்று நம்புகிறவன் முட்டாள். கை எங்கோ நடுவில் நிற்கிறது என்றால், நேராக ஹோமுக்குப் போ என்று ஒரே பொத்தானில் அனுப்பவும் கூடாது. குறுக்கே தாங்கி இருக்கும், தகடு இருக்கும், மனிதனும் இருக்கலாம். எந்த இடத்திலிருந்து எந்த வழியாகப் பின்வாங்குவது என்பதைத் தனியே எழுதி வைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் உண்மை. சாதாரண ஹோம் சமிக்ஞை இயந்திரங்கள் ஒன்றோடொன்று மோதாமலிருக்கவே ஏற்பட்டது. மனித உயிரை அதன் மீது வைக்க எவருக்கும் அனுமதி இல்லை. ஆள் நுழையும் கதவு திறந்தால் ஓட்டம் நிற்க வேண்டும். பழுதுபார்க்க உள்ளே போகிறவன் மின்னாளியைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். நிலையைக் கொண்டே ஆளைக் காக்க வேண்டுமானால் அதற்கென இரட்டைச் சரிபார்ப்புடன் தயாரிக்கப்பட்ட பாதுகாப்புக் கட்டமைப்பை வாங்கிப் பொருத்த வேண்டும். தொழிற்சாலை ரோபோக்களின் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 10218 என்ற சர்வதேச நியமம் இவற்றுக்காகவே இருக்கிறது. 2025இல் அது திருத்தியும் வெளியிடப்பட்டுள்ளது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களை நான் அறிவேன்.

நேரமில்லை என்பார்கள். மேற்கோள் நிலையைப் பதிந்து, எல்லையிட்டு, சமிக்ஞையைக் கட்டி, கையை நகர்த்தி விளக்கு அணைகிறதா என்று பார்க்க ஒரு தேநீர் குடிக்கும் நேரம் போதும். இருபது நிரல்களிலும் ஏற்று, அணை என்று எழுதுவதற்கே அதைவிட அதிக நேரம் பிடிக்கும். இங்கே குறைவாக இருப்பது நேரம் அன்று.

வேலிதான் இருக்கிறதே என்பார்கள். வேலி உற்பத்தி ஓடும்போது காக்கும். உற்பத்தி நின்றுபோகும்போது வேலியைத் திறந்துகொண்டு போகிறவன் யார்? 2015 ஜூனில் ஜேர்மனியின் பவுனாட்டலில், வொக்ஸ்வாகன் தொழிற்சாலையில் உயிரிழந்த 22 வயது இளைஞர் வேலிக்கு உள்ளே ரோபோவை நிறுவிக்கொண்டிருந்த ஒப்பந்த ஊழியர். அதே ஆண்டு ஓகஸ்டில் ஹரியானாவின் மானேசரில் உயிரிழந்த இளைஞர், இடம் விலகிய தகட்டைச் சரிசெய்யப் போனதாகவே செய்திகள் கூறின. இவ்விடங்களில் ஹோம் சமிக்ஞைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வேலிக்கு உள்ளே மனிதன் போக நேரும் என்பதற்கே இவை சாட்சி. அமைப்பவன், பழுதுபார்ப்பவன், சிக்கியதை எடுப்பவன் ஆகியோரைக் கணக்கிலெடுக்காத வேலி பார்வையாளருக்கான அலங்காரம்.

அவன் ஏன் போனான் என்பது மூன்றாவது நியாயம்; மிகவும் கேவலமானது. பவுனாட்டலில் கம்பனி ‘மனிதத் தவறு’ என்றே சொன்னது. நான் மிச்சிகனைச் சுட்டிக்காட்டுகிறேன். 1979 ஜனவரி 25ஆம் திகதி ஃபோர்ட் கம்பனியின் ஃபிளட் ரொக் வார்ப்பாலையில், ரோபோவால் உயிரிழந்த முதல் மனிதன் என வரலாறு குறிப்பிடும் 25 வயதுத் தொழிலாளி இறந்தார். அவர் பொருட்கள் அடுக்கிய தட்டுகளில் ஏறியதற்குக் காரணம் இயந்திரம் கையிருப்பைப் பிழையாகக் கணக்குக் காட்டியது. கணக்கைச் சரிபார்க்கப் போனவரைப் பின்னாலிருந்து வந்த கை அடித்தது. வருகிறேன் என்று எச்சரிக்கும் ஒலிகூட அதற்கு இருக்கவில்லை. 1983இல் ஜூரிகள் ரோபோவைத் தயாரித்த கம்பனி ஒரு கோடி டொலர் இழப்பீடு வழங்க வேண்டுமெனத் தீர்த்தார்கள். ‘ஏன் போனான்’ என்பதற்கு விடை, இயந்திரம் பொய் சொன்னது, அந்தப் பொய்யைத் திருத்த அவன் அனுப்பப்பட்டான் என்பதே.

ரோபோ துல்லியமானது என்பது கடைசி நியாயம். துல்லியம் என்று விற்பனையாளர் காட்டும் இலக்கம், அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப எவ்வளவு நெருக்கமாக வரும் என்பதைக் குறிப்பது. அந்த இடம் சரியான இடந்தானா என்பதை அது குறிப்பதில்லை. பிழையான இடத்துக்கும் அதே துல்லியத்துடன் வந்து நிற்கும்.

ஆகவே கேட்கிறேன், கோரிக்கைகள் நான்கே.

ஒன்று: ரோபோ கற்பிக்கும் பயிற்சி நிலையங்கள், அசைக்கக் கற்பிக்குமுன் ஹோம் சமிக்ஞையைச் சோதிக்கக் கற்பிக்க வேண்டும். விளக்கு எரிவதைக் காட்டினால் மதிப்பெண் இல்லை. கையைக் கைமுறையாக விலக்கி அது அணைவதைக் காட்டினால்தான் மதிப்பெண்.

இரண்டு: ரோபோவை வாங்கும் முதலாளி ஒப்படைப்புப் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் அதே சோதனையைத் தன் கண்முன் செய்யச் சொல்ல வேண்டும். எந்த மூட்டுக்கு எவ்வளவு சகிப்பெல்லை, ஏன் என்று எழுதி வாங்க வேண்டும்.

மூன்று: தமிழ்த் தொழிலாளர் நிற்கும் இடத்தில் எச்சரிக்கை தமிழில் இருக்க வேண்டும். பச்சை விளக்கின் கீழே ‘ஹோம்’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, அதன் பொருள் ‘உள்ளே வரலாம்’ என்பதன்று என்பதை எழுதாமல் விடுவது குற்றம். ‘இந்த விளக்கை நம்பி உள்ளே நுழையாதே, மின்னாளியைப் பூட்டு’ என்ற ஒரு பலகைக்கு மொழிபெயர்ப்புக் குழு எதுவும் தேவையில்லை.

நான்கு: என் இனத்தாரான பத்திரிகையாளருக்கு. அடுத்த தடவை இப்படியொரு செய்தி மேசைக்கு வரும்போது, ரோபோ கொன்றது என்று தலைப்பிடுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கை எங்கே இருப்பதாக இயந்திரம் அறிவித்தது? அந்த அறிவிப்பு எதிலிருந்து பிறந்தது? அதனை அவ்வாறு அமைத்தவர் யார், ஏற்றுக்கொண்டு கையொப்பமிட்டவர் யார்? விடைகள் கிடைத்தால் தலைப்பு மாறும். கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்பதையே தலைப்பாகப் போடுங்கள்.

இயந்திரத்துக்கு மனச்சாட்சி இல்லை என்று குறைப்படுகிறோம். அதற்கு மனச்சாட்சி தேவையில்லை. தான் எங்கே நிற்கிறது என்பதை உள்ளபடி சொன்னால் போதும். அவ்வாறு சொல்லும்படி அதனை அமைக்க வேண்டியவர்கள் மனிதர்கள். அவர்களுக்குப் பெயர் உண்டு, சம்பளம் உண்டு, கையொப்பம் உண்டு. அந்தக் கையொப்பத்தைத் தேடிப் போவதுதான் செய்தி.